முப்பது சிலேட்டு, அறுபது தலை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் குடியிருந்த அத்தனை கைநாட்டுக்காரர்களையும் கையெழுத்துக்காரர்களாக மாற்றியவள் சுகிர்தம் டீச்சர். மீன்கள் மட்டும்தான் பாக்கி. சிலேட்டைப் பிடிக்க அவற்றுக்குக் கை இல்லை என்பதால் விட்டுவிட்டாள். சரி, கொஞ்சம் கூடத்தான் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். எண்ணூருக்கு அவள் போனதே ஒரே ஒரு தடவை, அதுவும் யாரோ வீட்டு ஞானஸ்நான விருந்துக்கு. அவள் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் மொத்தம் முப்பது. அந்த முப்பது என்ற எண்ணிக்கையாவது சரிதானா என்று கேட்டால், அங்கேதான் சங்கதியே இருக்கிறது.

சுகிர்தத்தின் வீட்டார் தெற்கத்திக்காரர்கள். கருப்பட்டி மொத்த வியாபாரம். அப்பா காலமான பிறகு ராயபுரத்துக் கடையை அண்ணன் தவசிமுத்து பார்த்துக்கொண்டான். கடைக்குப் பின்கட்டில் வீடு. வீட்டுக்குள் பைபிள், பனை ஓலைப் பெட்டி, கருப்பட்டி வாசனை, எறும்பு. இவற்றோடு இருபத்தேழு வயதில் கல்யாணமாகாத தங்கை. அவள் ஆசிரியப் பயிற்சி முடித்தவள் என்பதைத் தவசிமுத்து வெளியில் பெருமையாகவும் வீட்டில் வியாதியாகவும் சொல்லுவான்.

சாத்தான்குளத்தில் ஒரு வரன் தயாராக இருந்தார். மனைவியை இழந்தவர், அரிசி மில் உண்டு, நாலு பிள்ளைகளும் உண்டு.

"ஏளா சுகிர்தம், அவரு எத்தன நாளுதான் காத்துக்கிட்டு இருப்பாரு?" என்பான் தவசிமுத்து.

"அவரு எங்கண்ணே காத்திருக்காரு? சோறாக்க ஆள் வரட்டும்னு அந்த நாலு பிள்ளைகள்லா காத்துக் கெடக்கு."

"வாயி மட்டும் குறையில்ல. சரி, ஒரு பேச்சுக்கு வருவோம். அந்தப் பள்ளிக்கூடம் நடக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்கல. ஆனா அத என்னைக்கு இழுத்து மூடுதானுவளோ, மறுநாள் காலையில உனக்கு ரயில் டிக்கெட்டு. சம்மதமா?"

சம்மதம் என்றாள். அன்றிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆயுளும் சுகிர்தத்தின் சுதந்திரமும் ஒரே கயிற்றில் தொங்க ஆரம்பித்தன.

பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் காலியாகக் கிடந்த பழைய உப்புக் கிடங்கு. மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். மூட்டை தூக்குகிற தொழிலாளர்களுக்கு எழுத்தறிவிப்பதற்காக ராயபுரத்துப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து 1951-ல் ஒரு சங்கம் வைத்து இதை நடத்தினார்கள். முப்பது பெயர், முப்பது சிலேட்டு. ஒவ்வொரு சிலேட்டின் சட்டத்திலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு நம்பர். கல்வி இலாகா கொஞ்சம் மானியம் கொடுத்தது, இரண்டு நிபந்தனைகளோடு. முப்பது பேரும் ஒழுங்காக வர வேண்டும். பங்குனியில் இன்ஸ்பெக்டர் வரும்போது அதில் பாதிப் பேராவது பத்திரிகையில் ஒரு வரி வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கிடங்கில் மறுபடியும் உப்பைக் கொட்டிக்கொள்ளலாம்.

சங்கத்தின் காரியதரிசி சங்கரநாராயணன் ஏதோ ஓர் ஆபீசில் புள்ளிவிவரப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டம் போட்ட காகிதத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு இழுக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மாதம் பிறந்ததும் சாயங்காலமாக வந்து பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப்போவார். தினசரி வருகையைக் கோடாகப் போட்டுக் கொண்டுவந்து சுவரில் மாட்டுவார். முதல் நான்கு மாதக் கோடு, சுரம் அடிக்கிறவனின் காய்ச்சல் கணக்குப் போல ஏறி ஏறி இறங்கியது.

"டீச்சர், பதினேழாம் தேதி இருபத்தெட்டுப் பேர். பதினெட்டாம் தேதி நாலே பேர். என்ன காரணம்?"

"கப்பல் வந்துட்டு சார்."

"கப்பலை வேடிக்கை பார்க்க ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே! நீங்கள் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும்."

விஷயம் அதுவல்ல. விடிகாலையில் துறைமுக வாசலில் ஏற்று இறக்கு மேஸ்திரி ஆள் எடுப்பான். கப்பல் இருந்தால் எல்லோருக்கும் வேலை. கப்பல் இல்லையென்றால் எல்லோரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். திரும்புகிற வழியில் பள்ளிக்கூடம் இருந்தது. வீட்டுக்குப் போய் வசவு வாங்குவதைவிட இங்கே வந்து 'அ' எழுதுவது மேல் என்று உட்காருவார்கள். ஐப்பசியில் புயல் அடித்து ஒரு வாரம் ஒரு கப்பலும் கரை சேரவில்லை. அந்த வாரம் வருகை நூற்றுக்கு நூறு. சங்கம் கூடி, கல்வியில் தொழிலாளர்களுக்கு ஏற்பட்டுவரும் ஆர்வம் குறித்து மகிழ்ச்சித் தீர்மானம் நிறைவேற்றியது. அதே வாரம் அந்தத் தொழிலாளர்கள் குடியிருந்த கொருக்குப்பேட்டையில் பாதி வீட்டில் உலை வைக்கவில்லை.

புயல் போனதும் கப்பல்கள் வரிசையாக வந்தன. கோடு தரையைத் தொட்டது. சுகிர்தத்துக்குச் சாத்தான்குளத்து அரிசி மில் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்தது. கிடைத்த நாலு பேரை நிற்கவைத்து, "எல்லார் கிட்டயும் போய்ச் சொல்லுங்க. மூணு நாள் சேர்ந்தாப்பல வராதவங்க பேரை அடிச்சிருவேன்" என்று மிரட்டினாள். வெறும் மிரட்டல்தான். பெயர் குறைந்தால் முதலில் அடிபடுவது அவளே.

ஆனால் அந்த மிரட்டல் போய்ச் சேர்ந்த இடத்தில் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது. மேஸ்திரியிடமும் இதே சட்டம்தான். ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் போட்ட ஒரு பித்தளைப் பில்லை. அந்தப் பில்லை மூன்று நாள் வாசலுக்கு வராவிட்டால் நம்பரை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவான். அதனால் காய்ச்சலில் படுத்தவன் தன் பில்லையை மச்சான் கையில் கொடுத்து அனுப்புவான். மச்சான் இல்லையென்றால் சித்தப்பன். மேஸ்திரி முகத்தைப் பார்ப்பதில்லை, நம்பரைத்தான் பார்ப்பான். பில்லை வந்தால் ஆள் வந்த மாதிரி.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சுகிர்தம் பெயர் கூப்பிட்டாள்.

"நம்பர் ஏழு. லட்சுமணன்."

"தோ கீறேன்."

குரல் பெண் குரலாக இருந்தது. முப்பது வயதுக்காரி ஒருத்தி, புட்டு விற்ற கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏழாம் நம்பர் சிலேட்டை மடியில் நிறுத்திச் சம்மணம் போட்டிருந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"அவரு பொஞ்சாதி, தாயம்மா. அவரு கப்பலுக்குப் பூட்டாரு. பில்லை அங்க போயிக்கீது, சிலேட்டு இங்க வந்துக்கீது. நம்பரப் பாத்துக்கோ."

"இது பள்ளிக்கூடம்மா. ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் வர்ற எடம் இல்ல."

"மூணு நாளு வரலன்னா பேர அடிச்சிருவேன்னு சொன்னியா இல்லியா? அடிச்சிட்டா அப்பால அது ஏறுமா? மேஸ்திரியாண்ட நாங்க படற பேஜாரு போதாதா? நீ பாடத்த ஏத்து டீச்சரம்மா. நான் கொண்டும்போயி வூட்டுல எறக்கிடறேன்."

சுகிர்தம் பேனாவைப் பிடித்தபடி யோசித்தாள். இப்படி நடக்காது என்று சொல்ல வாயைத் திறந்தாள். கண் சுவரில் மாட்டியிருந்த கோட்டின் மேல் போனது. வாயை மூடிக்கொண்டு, லட்சுமணனுக்கு நேராக வருகைக் குறி போட்டாள்.

அவ்வளவுதான். மறுநாள் ஆறு பேர் மனைவியை அனுப்பினார்கள். மார்கழிக்குள் முப்பது வீடும் இந்த ஏற்பாட்டுக்கு வந்துவிட்டது. கப்பல் வந்த நாள் பெண்கள் வருவார்கள், கப்பல் இல்லாத நாள் ஆண்கள். சுகிர்தம் தினம் ஓர் எழுத்து வரிசை நடத்தினாள். ஆரம்பிக்குமுன், "நேத்துப் பாடம் வீட்டுல சொல்லியாச்சா?" என்று தவறாமல் கேட்பாள்.

"எறக்கியாச்சு" என்பார்கள் பெண்கள்.

"தூக்கியாச்சு" என்பார்கள் ஆண்கள்.

தான் முன்னால் சொல்ல, எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டுப் பின்னால் சொல்லும்போது, தன் குரலில் தெரியாதவர் குரல் ஒளிந்துகொள்ளும் என்பது பயிற்சி பெற்ற ஆசிரியைக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொள்ள அவளுக்கு அப்போது மனமில்லை. சுவரில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளும் முப்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

சங்கரநாராயணனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சரியாக ஐப்பசிக் கடைசியில்தான் அவர் பள்ளிக்கு ஒரு வெண்கல மணி வாங்கிக் கொடுத்திருந்தார். மணிக்கு முன் வருகை, மணிக்குப் பின் வருகை என்று இரண்டு கோடு போட்டு, 'ஒழுங்கான மணியோசையும் முதியோர் கல்வி வளர்ச்சியும்' என்று எட்டுப் பக்கத்தில் அச்சடித்து எல்லோருக்கும் வழங்கினார். இன்ஸ்பெக்டருக்கும் ஒன்று போனது. பள்ளியில் அந்த மணியை யாரும் அடித்ததே இல்லை. அதன் நாக்கு, வந்த இரண்டாம் நாளே கழன்று விழுந்துவிட்டது.

பங்குனியில் ஆய்வுக்கு நாள் குறித்தார்கள். பத்திரிகையில் கப்பல் வரவுப் பகுதியைப் பார்த்து, கப்பலே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையாகச் சுகிர்தம் கேட்டு வாங்கினாள். பதிவேட்டில் ஆண்பிள்ளைப் பெயர், பாயில் ஆண்பிள்ளை. ஒரு கேள்வி வராது. பெண்களிடம் அன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவைத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. முன்னதாகவே ஒரு கோதுமைக் கப்பல் வருகிறதாம், செவ்வாய் காலை எல்லோருக்கும் வேலையாம்.  சுகிர்தம் ஓட்டமாகத் தாயம்மா வீட்டுக்குப் போய், "நாளைக்கு நீங்களே வந்துருங்க. ஒருத்தரையும் விடாம கூட்டிட்டு வாங்க. இன்ஸ்பெக்டர் கிட்ட நான் எதையாவது சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

"நீ கவலைப்படாத டீச்சரம்மா. முப்பது பேரும் வந்து குந்திக்கிறோம்" என்றாள் தாயம்மா.

சொன்னபடியே வந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்த மாதிரி முப்பது பேரும் ஒன்பது மணிக்கு முன்னாலேயே பாயை நிரப்பினார்கள். இன்ஸ்பெக்டர் ஜெயவேல் ஒல்லியான, அமைதியான மனிதர். உள்ளே வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்போதும் பெண்களாகவே இருந்தார்கள். பின்னால் வந்த சங்கரநாராயணன் சுவர்க்கோட்டைத்தான் பார்த்தாரே தவிர, பாய்ப் பக்கம் திரும்பவில்லை.

சுகிர்தம் எதையாவது சொல்ல வாயெடுத்த நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. லட்சுமணன் நின்றான். அவனுக்குப் பின்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இருபத்தொன்பது பேர். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் கோதுமைக் கப்பல் வெளியிலேயே நங்கூரம் போட்டுவிட்டதாம். திரும்புகிற வழியில் பள்ளிக்கூடம். பழக்க தோஷத்தில் வந்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைக் கையில் எடுத்தார். "நம்பர் ஏழு, லட்சுமணன்."

"தோ கீறேன்" என்று பாயிலிருந்து ஒரு குரல், வாசலிலிருந்து ஒரு குரல்.

"ஏய், எழுந்திரு" என்றான் லட்சுமணன். "எம்பேரத்தான கூப்பிடறாரு."

"பேரு உன்துதான்யா. குந்திகினு கீறது யாரு?" என்றாள் தாயம்மா.

"சிலேட்ட குடு."

"இன்னாத்துக்கு? அது உங்க மாமியா வூட்டு சீதனமா? கப்பலு இல்லாத அன்னிக்கி வந்து கொறட்ட வுட்டுக்கினு இருந்த ஆளு, இன்னிக்கி பெரிய மன்சரு வந்துக்கீறாருன்னு சிலேட்டு கேக்கறியா?"

எட்டாம் நம்பரில் அதற்குள் சிலேட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்தாம் நம்பரில் கெட்ட வார்த்தை ஆரம்பமாகிவிட்டது. சங்கரநாராயணன் சுகிர்தத்தின் காதோரம் வந்து, "டீச்சர், இது எப்படி? கோடு முப்பதில்தானே போகிறது?" என்றார் கலவரத்துடன்.

சுகிர்தத்துக்கு ரயில் டிக்கெட்டின் நிறம்கூடத் தெரிந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

"சார், தப்பு என்னுது" என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "கப்பல் வந்த நாள் இவங்க வந்தாங்க. வராத நாள் அவங்க வந்தாங்க. நான் ஒரே பேருக்கு வருகை போட்டுட்டேன்."

ஜெயவேல் பதிவேட்டைக் கீழே வைத்தார். "யார் வந்தார்கள் என்பது இருக்கட்டும். யார் வாசிப்பார்கள் என்று பார்ப்போம்" என்று, கக்கத்தில் இருந்த அன்றைய பத்திரிகையை விரித்து லட்சுமணன் முன்னால் நீட்டினார். "இந்தத் தலைப்பை வாசியுங்கள்."

லட்சுமணன் தொண்டையைக் கனைத்தான். மூட்டைக்குக் குனிகிறவனைப் போல முதுகை வளைத்து எழுத்தின் மேல் விரலை வைத்தான்.

"கோ... து... மை... க்... க..."

அதோடு நின்றான்.  தெரியாது என்று தலையை ஆட்டினான்.

"ப்... ப... ல்!" என்றாள் தாயம்மா, எட்டிப் பார்த்து. "நா... ளை... வ..." அவளும் நின்றாள். "இது இன்னா எழுத்து? இத நான் பாத்ததே இல்லியே."

"இது தெரியல? ரு... கி..." என்றான் லட்சுமணன். மறுபடி நின்றான்.

"ற" என்றாள் அவள்.

"து" என்றான் அவன்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுகிர்தம் தன் பாடக் குறிப்பேட்டைப் புரட்டினாள். க, த, ம, ர நடத்திய நாட்களில் கப்பல் இல்லை. ப, ல, ந, ள, வ, ற நடத்திய நாட்களில் கப்பல் இருந்தது. ஐந்து மாதமாக முப்பது வீட்டில் ஒரு வீட்டிலும் யாரும் எதையும் இறக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. முப்பது புருஷர்களுக்கும் பாதித் தமிழ் தெரியும். மீதிப் பாதி முப்பது பெண்டாட்டிகளுக்குத் தெரியும்.

"ஏன்யா, வீட்டுல சொல்லிக்கிட்டீங்கன்னுதானே தினம் சொன்னீங்க?" என்றாள் அழாத குறையாக.

"இவ சொல்லி நான் கத்துக்கறதா?" என்றான் லட்சுமணன்.

"வந்ததும் வராததுமா சோத்தப் போடு சோத்தப் போடுன்னா, நான் பாடத்த எங்க எறக்கறது? கொழம்புலயா?" என்றாள் தாயம்மா.

ஜெயவேல் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டார். தனித்தனியாக ஒருவராலும் ஒரு வரி முடியவில்லை. ஜோடியாக நிறுத்தினால், ஒரு மூட்டையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்குகிற மாதிரி, தள்ளாடித் தள்ளாடி வரியைக் கடைசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வாசிப்பு முடிய மதியமாகிவிட்டது. நடுவில், பன்னிரண்டாம் நம்பர் ஜோடி அதே தலைப்பை முழுசாகச் சேர்த்துச் சொன்ன போதுதான், பின்வரிசையில் ஒருவனுக்கு உறைத்தது.

"டேய், நாளிக்கி கப்பலாம்டா!"

அந்த நிமிஷம் முப்பது ஆண்களும் எழுந்தார்கள். மேஸ்திரியை முன்கூட்டியே போய்ப் பார்க்க வேண்டும் என்று பாதிப் பேர் வாசலுக்கு நகர, மனைவிமார் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். ஜெயவேல் முதல் தடவையாகச் சிரித்தார். அறிக்கையில், 'பொருள் உணர்ந்து வாசிக்கிறார்கள்' என்று எழுதினார்.

அதற்குமேல் எழுதத்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பாதிப் பேர் தேற வேண்டும் என்பது விதி. எல்லோரும் பாதி தேறியிருக்கிறார்கள். இது இரண்டும் ஒன்றுதானா என்று விதி எதுவும் சொல்லவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு அவர் யோசிக்கும்போது சங்கரநாராயணன் முன்னால் வந்தார். அவர் முகத்தில் ஒளி வீசியது.

"சார், பதிவு முப்பது, வருகை அறுபது. நூற்றுக்கு இருநூறு! எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?"

ஜெயவேல் கேள்விப்பட்டதில்லை. இரண்டு பள்ளிகளுக்கான கூட்டத்தை ஒரு பள்ளியில் உட்காரவைத்திருக்கிற இடத்தை மூடினால், மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது? மானியத்தை இன்னும் ஓர் ஆண்டு நீட்டலாம், இரு பாலாரையும் சேர்க்கலாம், பாடத்தை முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சங்கரநாராயணன் அன்று மாலையே கட்டக் காகிதத்தின் தலையில் இன்னொரு காகிதத்தை ஒட்டினார். கோடு போக இடம் போதவில்லை. பெருமை முழுதும் மணிக்கே போயிற்று.

தவசிமுத்து சேதி கேட்டு, கையிலிருந்த எடைக்கல்லைக் கீழே வைத்தான்.

"அறுபது பேரா?"

"அறுபது பேரு அண்ணே."

"அப்ப சாத்தான்குளத்துக்கு என்னத்தளா எழுதட்டும்?"

"பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதுங்க" என்றாள் சுகிர்தம். அவன் எழுதினான். அரிசி மில்காரர் வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அந்த அறுபது பேரும், புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முழுத் தமிழையும் படித்து முடித்து ஆளுக்கொரு சர்டிபிகேட் வாங்கினார்கள் என்று எழுதி, இத்தோடு பேனாவை மூடத்தான் இருந்தேன். எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தாயம்மா விடவில்லை.

"எந்த அறுபது? கதை வுடாத. கப்பலுன்னு படிச்சாங்களே, மறுநாளு கப்பலுக்குப் பூட்டாங்க. அத்தோட ஒரு ஆம்பள கூட அந்தப் பக்கம் வரல. மொத்தம் முப்பது பேருதான். முப்பதும் நாங்கதான். ஆனா பேர மட்டும் யாரும் மாத்தல. வருஷம் முடிஞ்சி சர்டிபிகேட்டு குடுத்தாங்க. எங்கையில குடுத்ததுல லட்சுமணன்னு போட்டிருந்திச்சு. அத நான் எழுத்துக் கூட்டிப் படிச்சித்தான் கண்டுபுடிச்சேன்."